கேட்டு வாங்கிய கிழங்குகள்

தையல்காரி அந்த வீட்டுக்கு இரண்டாவது மனைவியாக வந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. கணவருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. ஊரில் பாதி வீடுகளின் சமையலறைத் தொட்டிக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பேச்சு மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், பதினைந்து வயது. தெருவே அவளை 'வாலு' என்று கூப்பிட்டது.

அந்தப் பெயர் எப்படி வந்ததென்று தையல்காரிக்குப் புரியவே இல்லை. அவள் பார்த்த பெண், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "தூங்கப் போறேன் சித்தி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறவள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டாலாவது சமாதானம் ஆகலாம்.

குளிர் விடும் சமயத்தில், பின்பக்கக் கொட்டகையில் தையல் மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் கணவர். அன்று பகல் முழுக்க ஒண்டியாக நின்று ஒழித்துக் கூட்டினாள். மூலையில் ஒரு மரப்பெட்டி. அதில் மரத்தூள், மரத்தூளுக்குள் வதங்கிப்போன சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி கொத்துக் கொத்தாக ஏதோ. எலியைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்களா என்று முணுமுணுத்தபடி, குப்பை வண்டி வந்ததும் பெட்டியோடு தூக்கிப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் வாலு மண்வெட்டியோடு கொட்டகைக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சித்தி, மரத்தூள் பெட்டி எங்க?"

"அழுகிக் கிடந்துச்சேம்மா. போட்டுட்டேன்."

"அது அழுகல. அப்படித்தான் இருக்கும். அம்மாவோட டேலியாப் பூக்கிழங்கு."

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாலு அவளை ஒரு நொடி பார்த்தாள். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கதவு சத்தமில்லாமல் மூடியது.

மீதியைக் கணவர் சொன்னார். ஒவ்வொரு வருடமும் பனியில் இலை கருகியதும் அந்தக் கிழங்குகளைத் தோண்டியெடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது அவர் முதல் மனைவியின் வழக்கமாம். அவள் போன பிறகு இரண்டு வருடமாக மகள் தனியாகவே அதைச் செய்து வந்தாளாம்.

"கிழங்குதானே, கடையில வாங்கிக்கலாம்" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தையல்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு கேட்டாள்: "அவங்க யாருக்காவது இதைக் குடுத்திருக்காங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "யாருக்குக் குடுக்கல? ரொட்டிக்கடைக்காரருக்குக் குடுத்தா. ஸ்கூல் வாட்ச்மேன், அந்தப் பல் டாக்டரம்மா... வீட்டுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பவே மாட்டா."

மறுநாள் காலை தையல்காரி ரொட்டிக்கடைக்குப் போனாள். நான்கு மாதமாக அங்கே ரொட்டி வாங்கியிருக்கிறாளே தவிர, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். "இதுக்கா இப்படித் தயங்குனீங்க? பின்னாடி வாங்க."

கடைக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் கிழங்கு வைத்திருந்தார். ஆரஞ்சு நிறம், தட்டு அகலத்துக்குப் பூக்குமாம். ரொட்டி வெட்டுகிற கத்தியாலேயே ஒரு கொத்தைப் பிரித்துக் காட்டினார்.

"கழுத்துக்கிட்ட பாருங்க, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முளை தெரியுதா? இதுதான் கண்ணு. கண்ணு இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் வெறும் பிண்டம். முளைக்காது. அந்த அம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்தாங்க, இப்போ பாருங்க, சாக்கு கொள்ளல."

பள்ளிக்கூட வாட்ச்மேன் மஞ்சள் தந்தார். தன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாலுவின் அம்மா தினமும் வந்து பார்த்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டரம்மா, "உங்க வீட்டுக்காரருக்கு என்கிட்ட பல்லைப் பிடுங்கிக்கவே பயம். நீங்க கிழங்கைப் பிடுங்க வந்திருக்கீங்க, துணிச்சல்தான்" என்று சிரித்துவிட்டு, வாசல் தொட்டியைக் கவிழ்த்து வெள்ளையில் இரண்டு கொடுத்தார்.

ஆனால் ஒரு நிறம் மட்டும் யாரிடமும் இல்லை. கறுப்போ என்று சந்தேகம் வருகிற கருஞ்சிவப்பு. "வாலு பொறந்த வருஷம் வாங்கினது. அதுமேல உசிரையே வெச்சிருந்தா" என்றார் கணவர். "அது அவ அக்காகிட்ட இருந்தாலும் இருக்கும்."

முதல் மனைவியின் அந்த அக்கா இவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அழைப்புக்குப் பதிலும் இல்லை.

தையல்காரி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்த பெண்மணிக்கு வந்திருப்பது யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "வாங்க" என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"அக்கா, உங்க தங்கச்சியோட கிழங்கையெல்லாம் நான் குப்பையில போட்டுட்டேன். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான். கருஞ்சிவப்பு உங்ககிட்ட இருந்தா, ஒரு துண்டு குடுங்க. எனக்கில்ல, உங்க பொண்ணுக்கு."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தையல்காரி பதறிப்போனாள். பார்த்தால், சிரிப்பு.

"அவளும் லேசுப்பட்டவ இல்ல. கல்யாணமான புதுசுல நான் ஒரு கூடை கிளாடியோலஸ் பூக்கிழங்கு குடுத்தேன். வெங்காயம்னு நெனச்சு உக்காந்து அத்தனையும் உரிச்சு வெச்சிருந்தா. அப்புறம் போன்ல ஒரே அழுகை." சிரிப்பு அடங்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. "உள்ள வாங்க. படியேறி மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு."

பால்கனியில் பெயின்ட் வாளியில் இருந்தது அது. வெளியே எடுத்துப் பார்த்தால், பாதிக்குமேல் அழுகியிருந்தது. தேறியது ஒரு கொத்து, இரண்டே கண்.

"ஆளுக்கொண்ணு" என்றாள் அக்கா. கத்தியை எடுத்தாள், உடனே கீழே வைத்துவிட்டாள். "என்னால ஆகாது. நீங்க வெட்டுங்க."

தையல்காரிக்கு வெட்டுவது புதிதல்ல. விலையுயர்ந்த துணியில் கத்தரி வைத்தால், தவறினால் தவறியதுதான் என்று அவளுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணுக்கும் நடுவே கத்தியை இறக்கினாள். இரண்டு பக்கமும் கழுத்து ஒடியாமல் பிரிந்தது.

சாயங்காலம் வாலு பள்ளியிலிருந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துக் கிழங்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அதன் நிறத்துத் துணித்துண்டு கட்டியிருந்தது. அவள் கருஞ்சிவப்புத் துணி கட்டிய கடைசிக் கிழங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க கிடைச்சுது?"

"உங்க பெரியம்மாகிட்ட."

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா? தனியாவா?" வாலுவின் கண் விரிந்தது. "அப்பாவே அங்க போகப் பயப்படுவாரு!"

"எனக்கும் பயம்தான். கால் ரெண்டும் தந்தி அடிச்சுது."

வாலு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தையல்காரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். சற்று நேரத்தில் அவள் தலை இவள் தோளில் சாய்ந்தது.

மண் சூடேறியதும் நட்டார்கள். முளை தலைகாட்டும் வரை தண்ணீரே ஊற்றக்கூடாது என்று வாலு கண்டிப்பாகச் சொன்னாள். ஆரஞ்சும் மஞ்சளும் மூன்றே வாரத்தில் எழுந்துவிட்டன. வெள்ளை, ஆற அமர வந்தது. கருஞ்சிவப்பு ஐந்து வாரமாகியும் அசையவில்லை. "தோண்டிப் பாக்கலாமா?" என்று இருவரும் மாறி மாறிக் கேட்பார்கள், மாறி மாறித் தடுப்பார்கள். ஆறாவது வாரம் ஊதா நிறத்தில் ஒரு நுனி தெரிந்தபோது வாலு போட்ட கூச்சலில், குளித்துக்கொண்டிருந்த குழாய்க்காரர் சோப்பும் நுரையுமாக ஓடி வந்தார். தெரு ஏன் அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தது என்று தையல்காரிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு வேலை சரியாக இருந்தது. விடிந்ததும் நத்தை பொறுக்கினார்கள், செடி முழங்கால் உயரம் வந்ததும் பக்கவாட்டில் கிளைக்கட்டும் என்று நுனியைக் கிள்ளினார்கள், காற்றில் சாயாமல் கம்பு நட்டுக் கட்டினார்கள். கோடை முடிகிற சமயம் கருஞ்சிவப்பு பூத்தது. அன்று பெரியம்மா வந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் காலடி வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தையல்காரி தேநீர் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெரியம்மாவும் வாலுவும் ஒரே பூவின்மேல் குனிந்து எதற்கோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணை அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் கைநிறைய அள்ளி அள்ளிக் கொடுத்து வைத்ததால்தானே, போய்க் கேட்டு வாங்க இத்தனை வீடு இருந்தது. 'நல்லா இருங்கம்மா, எங்க இருந்தாலும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெரியம்மா உள்ளே வந்து கோட்டைக் கழற்றினாள்.

"இதோட உள்பக்கத் துணி கிழிஞ்சு ஒரு வருஷமாச்சு. தைச்சுத் தருவியா?"

அதுவரை 'நீங்க' என்றே பேசியவள்.

"குடுங்கக்கா" என்று தையல்காரி கோட்டை வாங்கிக்கொண்டாள். "டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடறேன்."