கொம்பு வண்டுக்கு வைத்த பெயர்

பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்தில் ஒரு மரியாதை உண்டு. புது வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதற்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம், தன் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆகவே அழியாப் புகழ் வேண்டுமென்றால் அடுத்தவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

லென்ஸ் சார் இருபத்திரண்டு வருடமாகத் தம் சகலையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பிரிவில் இருப்பதே ஒரே ஆள் என்பதை வெளியே சொல்வதில்லை. கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும். சகலையோ அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். இருவருக்கும் ஒரே துறை: சாணி வண்டு, கொம்பு வண்டு எல்லாம் அடங்கிய ஸ்காரப் குடும்பம். சகலை இதுவரை ஒன்பது புது வண்டுகளை உலகுக்கு அறிவித்திருந்தார். ஒன்றுக்கு மனைவி பெயர். ஒன்றுக்கு மாமனார் பெயர். மாமனார் அந்த வண்டின் படத்தைச் சட்டம் போட்டு, தம் கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டிவிட்டார். ஒன்று ஜீப் டிரைவருக்கு. ஒன்று சகலையின் சிறுநீரகக் கல்லை எடுத்த டாக்டருக்கு. ஒன்பதாவது, நாய்க்குப் போனது. அன்று லென்ஸ் சார் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"நாய்க்கு வெச்சா உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? அறிவியல் எங்க போகுதேன்னு கவலை."

"அது ஒன்னும் எங்கயும் போகல. நீங்க சாப்பிட வாங்க."

பத்தாவது வண்டு லென்ஸ் சாரின் கைக்கே வந்து சேர்ந்தது. ஆய்விதழ்க்காரர்கள் எந்தக் கட்டுரையையும் அச்சிடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் ரகசியமாகக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். பார்த்தது யார் என்று எழுதியவருக்குக் கடைசிவரை தெரியாது. சகலையின் கட்டுரை, பெயர் முகவரியோடு, லென்ஸ் சாரின் மின்னஞ்சலில் வந்து உட்கார்ந்திருந்தது. வண்டின் புதுப்பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் கோடு. அச்சாகும்வரை பெயர் கசியக் கூடாதென்று சகலை எப்போதும் அப்படித்தான் விடுவார்.

படத்தைப் பார்த்த லென்ஸ் சாருக்கு மூச்சே நின்றுவிட்டது. கரிக்கருப்பு உடம்பு. தலையிலிருந்து பின்னால் வளைந்து எழும்பிய கொம்பு, பட்டத்து யானையின் தந்தம்போல. இந்தக் கம்பீரம் எந்தச் சமையல்காரர் பெயருக்குப் போகப்போகிறதோ என்று நினைத்தபோதே பற்றிக்கொண்டு வந்தது. இதைப் புது வண்டே இல்லை என்று ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நூறு வருடத்துக்கு முன் யாரோ பெயர் வைத்த ஒரு வண்டு, கொம்பென்று சொல்லவே கூச்சப்படும் ஒரு முளையோடு, அவருடைய இழுப்பறைகளில் நாற்பத்துமூன்று கிடந்தது. முளை சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கி அளந்தார். இந்தக் குடும்பத்தில் கொம்பு பொய் சொல்லும், ஆணுறுப்பு பொய் சொல்லாது. ஆகவே காய்ந்த வண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, அரிசி நொய்யளவு உறுப்பை ஊசிமுனையால் எடுத்து, சகலை வரைந்திருந்த படத்தோடு ஒப்பிட்டார். அச்சு அசல் ஒன்றே. சகலையின் பட்டத்து யானை, புழுவாக இருந்தபோது வயிறாரத் தின்று வளர்ந்த பழைய வண்டுதான்.

உண்மை அது. இருபத்திரண்டு வருடச் சம்பளம் செய்ய வைக்காத வேலையை மூன்று வாரப் பொறாமை செய்ய வைத்துவிட்டது. எந்த அருங்காட்சியகத்து வண்டுகள் என்பதை மட்டும் சொல்லாமல், பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையும் அக்காவும் சாப்பிட வந்தார்கள்.

"நம்ம பத்தாவது வண்டு போச்சு சகல," என்றார் சகலை, சிரித்தபடியே.

"அடடா! எப்படி?" லென்ஸ் சார் துக்கத்தை முகத்தில் வரவழைத்தார்.

"புதுசே இல்லையாம். பழசுதான், நல்லாத் தின்னு கொழுத்திருக்குன்னு ஒரு ஆளு எழுதியிருக்கான். சரிபார்த்தேன். அவன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கட்டுரையத் திருப்பி வாங்கிட்டேன்."

"பாவம், தம்பி பேரு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு," என்றார் அக்கா.

"யாரு பேரு?"

"உங்க பேருதான் சகல," என்றார் சகலை. "இத்தனை வருஷமா, நல்லதா ஒன்னு சிக்கட்டும்னு இருந்தேன். உங்களுக்குப் போயி சுண்டைக்கா சைஸ்ல ஒரு சாணி வண்டக் குடுக்க மனசு வருமா?"

லென்ஸ் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. "யாரோ சொன்னா உடனே வாங்கிடறதா? எதிர்த்து எழுதுங்க! கொம்ப அளந்துட்டா ஆச்சா? அவன் அரைவேக்காடு சகல!"

"சேச்சே! மகா ஆளு. இந்தக் காலத்துல யாரு இவ்வளவு பொறுமையா உக்காந்து பாக்கறா? வெளிநாட்டுக்காரனாத்தான் இருக்கணும், நம்ம பக்கத்துல ஏது இந்த உழைப்பு? நீங்களும் நானும் அவன்கிட்ட பாடம் படிக்கணும். ஆளு யாருன்னு மட்டும் தெரியட்டும், அடுத்த வண்டு அவன் பேருலதான்."

முகம் தெரியாத அந்த ஆள்மேல் லென்ஸ் சாருக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் தொண்டை வரை ஏறி, வெளியே கொட்டியது.

"அது நான்தான்!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சிட்டாரு!" என்றாள் மனைவி. "போன வாரம் எதிர்வீட்டம்மா ஸ்கூட்டர நல்லா ஓட்டறாங்கன்னு சொன்னேன் அத்தான். நான் சொல்லிக் குடுத்ததுதான்னாரு. அவங்க இவருகிட்ட பேசினதே கிடையாது."

"சத்தியமா நான்தான்யா! இருங்க, காட்டறேன்."

உள்ளே ஓடிப்போய்க் கைப்பேசியில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நீட்டப்போன கை பாதியில் நின்றது. பன்னிரண்டு பக்கத்துக்கும் மேலே, இதழ் ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் என்று அவர் எழுதியிருந்த குறிப்பு கொட்டை எழுத்தில் தெரிந்தது: 'இவர் உறவினருக்குப் பரிசளிப்பதற்காகவே வண்டு கண்டுபிடிப்பவர். முந்தைய ஒன்பதையும் மறுபரிசீலனை செய்வது அறிவியலுக்கு நல்லது.' ஒன்பதில் எதிரே உட்கார்ந்திருந்த அக்காவும் அடக்கம்.

"எங்க சகல, காட்டுங்க," என்றார் சகலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சார்ஜ் இல்ல."

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் அந்த வெளிநாட்டு மேதையின் நேர்மையைப் பற்றிச் சகலை அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தார். லென்ஸ் சார் தட்டைப் பார்த்தபடியே பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்னமோ போங்க," என்றார் கடைசியில். "அவன் அப்படியொன்னும் பெரிய ஆளா எனக்குத் தோணல."