எல்லாப் பழியும் டிவி மேலே

எம். புதுப்பட்டியில் பானுப்பிரியா வீட்டு டிவிக்கு என்ன கோளாறு என்று கருத்துச் சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் அவள் கணவன் வெள்ளைத்துரை சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்து சுவரில் மாட்டிய டிவி அது. மெல்லிசான உடம்பு, அகலமான முகம். படம் அப்படியொரு துல்லியம். நடிகையின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். பேச்சுதான் விளங்கவில்லை. பாட்டு வந்தால் வீடு அதிர்ந்தது. சண்டை வந்தால் அலமாரியில் டம்ளர்கள் ஆடின. நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் மட்டும், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரே கொழகொழப்பு.

"அந்தப் பழைய டப்பா டிவிக்கு வாய் முன்னாடி இருந்துச்சு. இதுக்குப் பின்னாடியில்ல இருக்கு? அது செவுத்துக்கிட்ட பேசுது, ஒங்கிட்டயா பேசுது?" என்றாள் பக்கத்து வீட்டு மாரித்தாய்.

"வாயெல்லாம் சரியாத்தான் இருக்கு. நெட்டு இழுக்குது. நெட்டு இழுத்தா பேச்சும் இழுக்கும்" என்றான் எதிர்வீட்டு முனியராஜ். அவனும் வெள்ளைத்துரையும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் லோடு வேன் ஓட்டுகிறவர்கள்.

"இப்ப எடுக்கிற படமே அப்படித்தான் சித்தி, மியூசிக்கப் போட்டு டயலாக்க அமுக்கிர்றாங்க" என்று தெருவில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சொன்னார்கள்.

எல்லாமே சரியாகத்தான் தோன்றியது பானுவுக்கு. அதனால்தான் குழப்பமும் கூடியது. ஒரு டிவிக்கு இத்தனை நோய் எப்படி வரும்?

ஒன்பதாவது படிக்கும் மகள் ஓவியா ரிமோட்டை வாங்கி எதையெதையோ அழுத்திப் பார்த்தாள். ஒரு படத்துக்கு அடியில் தமிழிலேயே எழுத்து ஓட விட்டாள். அன்றைக்கு என்ன மாயமோ, பானுவுக்கு ஒவ்வொரு வசனமும் தெளிவாகக் கேட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், அழ வேண்டிய இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியா, எழுத்துப் போட்டதும் சத்தமும் சரியாயிருச்சு. ஏதோ ஒயரு லூசா இருந்திருக்கு" என்றாள்.

ஓவியா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். மறுநாள் சீரியலுக்கு எழுத்து வரவில்லை. பழைய கொழகொழப்பு திரும்பிவிட்டது.

டிவியைவிடப் பெரிய குழப்பம் வெள்ளைத்துரைதான். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிட்டதால் அவன் வீட்டில் இருந்தான். பானுவுக்கோ அப்போதுதான் சீசன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், அட்டை வெட்டுகிற பஞ்சிங் மிஷினில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. புது வருடக் காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்தது. அவள் அச்சக வேனில் வந்து இறங்கும்போது வீட்டில் சோறு வடித்திருக்கும், துணி மடித்திருக்கும். அதுவரை நல்லதுதான்.

ஆனால் பேச்சு? முன்பெல்லாம் அடுப்படியிலிருந்தே கத்துகிற ஆள், இப்போது எது சொல்வதானாலும் எழுந்து வந்து, அவளுக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினான். புது மாப்பிள்ளை போல இருந்தது. ஏதாவது தப்புப் பண்ணிவிட்டு வந்து குழைகிறானோ என்றும் இருந்தது. ஹோட்டலில் இலை கிழிந்திருந்தால்கூட முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவன், டிவியைப் பற்றி அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"இது மட்ட ரகம், மாமா."

"ஆமா, மட்ட ரகந்தான்."

"ஒங்கள ஏமாத்திட்டான்."

"ஆமா, ஏமாத்திட்டான்."

டிவியை வேறு சுவரில் மாற்றி மாட்டினான். பின்னால் பாயைச் சொருகினான். அதுவும் சரிவராமல், விருதுநகர்க் கடையிலிருந்து நீளமாக ஒரு சவுண்ட்பார் ஸ்பீக்கர் வாங்கி வந்து டிவிக்குக் கீழே பொருத்தினான். பானு அதன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஓவியா இரண்டு காதிலும் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கொழகொழப்பு அப்படியே இருந்தது. இப்போது வீடு முழுக்கக் கொழகொழத்தது.

வெள்ளைத்துரை வாசலுக்குப் போய் மகளிடம் ஏதோ சொன்னான். அவள் அழுவது போல ஏதோ பதில் சொன்னாள். பானு ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன பேசுறீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ரெண்டு பேரும் முழிக்கிறீக?"

"ஒண்ணுமில்லம்மா, விடேன்" என்றாள் ஓவியா.

கொஞ்ச நாளாகவே இந்த வார்த்தைதான். அவள் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்ல. அப்பாவும் மகளும் சேர்ந்து சாப்பிடும்போது எதற்கோ சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால் ஒண்ணுமில்ல. தன் வீட்டிலேயே தன்னை வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து பேசுவது போல அவளுக்குத் தோன்றியது. ஓடியாடி உழைக்கிறவள் ஒருத்தி, ஒட்டி உறவாடுகிறவர்கள் இரண்டு பேரா? அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். என்னத்தை மறைக்கிறார்கள் என்பது தெரியாதவரை எந்த டிவியும் தனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

மார்கழியில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று சிவகாசியில் கரண்டை நிறுத்தினார்கள். அச்சகத்துக்கு லீவு.

"சவுண்ட்பார மாத்திட்டு வருவோம், நீயும் வா. ஒங் காதால கேட்டு நீயே எடு" என்றான் வெள்ளைத்துரை.

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவன் நடை சரியில்லை. சவுண்ட்பார் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தெருவுக்குள் போனான். வத்தல் மூட்டைகளின் நெடியில் இரண்டு பேரும் தும்மினார்கள். ஒரு மருந்துக்கடை அருகில் நின்றான். நெற்றியைத் துடைத்தான். பிறகு விறுவிறுவென்று நடந்தான். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே மருந்துக்கடைக்கு வந்து நின்றான்.

"மாமா, லோடு ஏத்திட்டு நாடு பூரா போற ஆளு, விருதுநகர்ல வழிய மறந்துட்டீகளா?"

அவன் என்னவோ சொன்னான். லாரி ஒன்று கடந்து போனது. "என்ன?" என்று அவள் கேட்பதற்குள் அவன் சவுண்ட்பார் வாங்கிய கடை இருக்கும் பக்கம் திரும்பி நடந்துவிட்டான்.

கடைக்காரர் ஹாமித் சிரித்த முகமாக வரவேற்றார். அவர் மனைவி மஹ்ரீன் மூலையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மிக்ஸி வாங்க வந்த ஒரு வயதான தம்பதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கக்கா. நம்ம கடையிலேயே ஒசத்தியான செட்ட இப்பப் போட்டுக் காட்டுறேன். இதுலயும் விளங்கலைன்னா கடைய இழுத்து மூடிர்றேன்" என்றார் ஹாமித்.

பெரிய திரையில் ஒரு நகைச்சுவைக் காட்சி ஓடியது. பெஞ்சில் இருந்த பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பானுவும் சிரித்தாள். நடிகர் விழுந்ததைப் பார்த்து வந்த சிரிப்பு அது. பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினார்கள், யாரும் விழவில்லை. பெரியவர் மறுபடி சிரித்தார். பானு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் மஹ்ரீனைக் கவனித்தாள். மஹ்ரீனுக்கு முதுகுப் பக்கம்தான் டிவி. தலையைக் குனிந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதே இடத்தில் அவளும் குலுங்கிச் சிரித்தாள்.

பார்க்காமல் எப்படிச் சிரிக்கிறாள்?

பானு மெல்லத் திரும்பினாள். டிவிக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் சத்தம் இருந்தது. நிறைய இருந்தது. தூரத்தில் மிஷின் ஓடுவது போல ஏறி இறங்கியது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கடையே சிரித்தது. அவளுக்குச் சிரிக்க எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பியபோது வெள்ளைத்துரை டிவியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ.

"போதும் மாமா. வாங்க" என்றாள்.

வெளியே வந்து, மூடியிருந்த ஒரு பருப்புக் கடையின் படியில் உட்கார்ந்தாள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தான். இத்தனை நாள் அவன் எதிரே வந்து வந்து நின்றது எதற்கென்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"டிவி நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

அவன் தலையாட்டினான்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"தீவாளிக்கு முன்னாடியே ஏதோ சரியில்லன்னு தெரியும். ஆனா காதுன்னு, ஓவியா எழுத்துப் போட்ட அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. பின்னாடி நின்னு கூப்பிட்டா நீ திரும்ப மாட்டேங்கிற. அதுவரைக்கும் கோவமா இருக்கன்னு நெனச்சேன். எதுக்குக் கோவம்னு யோசிச்சு யோசிச்சு, நான் பண்ணுன கோளாறையெல்லாம் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். எதுன்னு பிடிபடல. அதான் மொத்தமாச் சேத்து ஒரு டிவிய வாங்குனேன்."

"என்னது? அது சமாதான டிவியா?"

"வேற? நீதான் கேக்கவே இல்லையே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏன் சொல்லல? ஊரு பூரா அந்த டிவியப் பேசுது. நீங்களும் கூடச் சேந்து ஆமா போட்டீக."

"எப்படிச் சொல்லச் சொல்ற? மிஷின் ஓடுற சத்தத்த வச்சே பிளேடு மழுங்கிருச்சும்ப. அச்சகத்துல எல்லாரும் ஒன்னயத்தான் கூப்பிடுவாக. அந்தக் காதப் போயி..." அவன் நிறுத்தினான். "பெறகு நம்ம தெருவு. ஒரு பேரு வச்சாகன்னா போதும். கால் ஒடிஞ்சு சரியாப்போன ஆளையே இன்னும் நொண்டிங்கிறாக. ஒனக்கு அப்படி ஒரு பேரு வரக் கூடாதுன்னு இருந்துச்சு. டிவிக்கு என்ன, ரோசமா மானமா? எம்புட்டு வேணா பேசட்டும்."

"அதுக்கு வீட்டுக்குள்ளயும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு என்னயத் தள்ளி வச்சீகளே. பேரு வச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ரெண்டு பேரும் சேந்து என்னய ஒதுக்குறீகன்னு நெனச்சேன் மாமா. எம் பிள்ளயே என்னய ஒதுக்குறாளேன்னு."

வெள்ளைத்துரையின் முகம் மாறிவிட்டது. இந்தப் பக்கம் அவன் யோசித்ததே இல்லை என்பது அதில் எழுதியிருந்தது. "ஓவியாவும் நானும் ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் பேசிக்கிட்டோம். சொல்லணும்னு அவ. வேணாம்னு நான். அதான் அவ அழுதா" என்றான்.

பானு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மருந்துக்கடைக்கு ரெண்டு தடவ வந்தோமே..."

"மாடியில காது டாக்டரு. ஒன்னயக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். படியேற தைரியம் வரல."

அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "பெட்டிய எடுங்க."

மாடியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நெடுநேரம் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. சத்தம் போடவில்லையா, தனக்குத்தான் வரவில்லையா என்று தெரியாத குழப்பத்தில் சும்மாவும் ஒருமுறை அமுக்கினாள். பஞ்சிங் மிஷின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றதன் வேலை இது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மிஷினில் நின்றால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். காதுக்குப் பொருத்துகிற கருவிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். அதை மாட்டினாலும் பேச்சு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். அவர் சொன்னதில் பாதிதான் அவளுக்கு எட்டியது. வெள்ளைத்துரை ஒவ்வொன்றையும் அவள் பக்கம் திரும்பி மறுபடி சொன்னான். எதையும் விடவில்லை.

சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் பாட்டு அலறியது.

பானு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"தீவாளியிலருந்து நீங்களும் ஓவியாவும் எனக்குச் சொல்லாம விட்டதெல்லாம். என்ன பேசுனீக, எதுக்குச் சிரிச்சீக, எல்லாம்."

"ஏ பிள்ள, அதெல்லாம் சும்மா வெட்டிப் பேச்சு. பல்லி விழுந்தது, முனியராஜு வேட்டி வேன் கதவுல மாட்டுனது..."

"அதத்தான் கேக்கேன். பல்லி எங்க விழுந்துச்சு?"

அவன் பஸ்ஸுக்குள் சுற்றிலும் பார்த்தான். குரலை உயர்த்தினான். பாட்டு இன்னும் உயர்ந்தது. எழுந்து போய்க் கண்டக்டரிடம் ஏதோ சொன்னான். பாட்டு நின்றது. பஸ்ஸே திரும்பி அவர்களைப் பார்த்தது. அந்த அமைதியில் வெள்ளைத்துரை தன் மனைவியின் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தான்: பல்லி ஓவியாவின் ஜடையில் விழுந்தது. அவள் அலறியதில் இவன் கையில் இருந்த ரசம் கொட்டியது.

"பெறகு?" என்றாள் பானு.

"பெறகு என்னாச்சு தம்பி?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"பெறகு என்னாச்சுன்னு பின்னாடி கேக்காக" என்று அதையும் அவளுக்குச் சொன்னான். அவள் திரும்பி, கேட்ட பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் தொடர்ந்தான். வேட்டி கிழிந்தது, ஓவியாவின் டீச்சர் சொன்னது, கேஸ் சிலிண்டர்க்காரர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, பானு கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து அவன் ஓவியாவிடம் யோசனை கேட்டது, மகள் திட்டியது. ஆமத்தூரில் ஏறியவர்களுக்கு முன்கதை தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பஸ் திருத்தங்கலுக்குள் நுழைந்தபோது அவர்கள் பேச்சு இன்னும் ஐப்பசி மாதத்தைத் தாண்டவில்லை.