குறிப்புக் கட்டத்தில் ஒரு மூன்று

பதினெட்டுப் பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதென்று கணினித் திரை காட்டியதும் டோரீன் வாயைப் பிளந்தாள்.

"என்ன சார், மூச்சு விடறதுக்குள்ள ஆயித்து? நானா இருந்தா ரெண்டு பேர்கூட தாண்டியிருக்க மாட்டேன்."

ஞானசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிராமல் என்ன செய்யும்? மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய நிரல். லிங்கராஜபுரத்து டயாலிசிஸ் சென்டரின் வரவேற்பு மேசையில் டோரீன் நோயாளிகள் பட்டியலை அவசரத்தில் எப்படிக் கிறுக்கி வைத்தாலும் சரி. அந்தப் பட்டியலை அது வாங்கி, போன் நம்பர்களின் கோணலை நிமிர்த்தி, தேதிகளை ஒழுங்குபடுத்தி, தமிழருக்குத் தமிழிலும் கன்னடக்காரருக்குக் கன்னடத்திலும் எழுதித் தானே அனுப்பிவிடும். இன்றுதான் அதற்கு முதல் பரீட்சை. நாளை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ரிப்பேர் வேலை; அது ஓடாமல் டயாலிசிஸ் கிடையாது. நாளைக் காலை வரவேண்டியவர்கள் இன்று மூன்று மணிக்கே வந்தாக வேண்டும்.

மூன்றுக்குப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். ஆறாம் நம்பர் கட்டில் மட்டும் விரித்த விரிப்போடு காலியாகக் கிடந்தது. ஜீவனஹள்ளி எல்லம்மாவின் கட்டில் அது. ரத்தம் சுத்தம் செய்து மூன்று நாளாகிறது. இன்று தவறினால் நெஞ்சில் நீர் ஏறும். போன மாதம் அப்படித்தான் கால் வீங்கி, மூச்சுமுட்டி ஆம்புலன்ஸில் வந்தாள்.

"செய்தி சேர்ந்துடுச்சுன்னுதானே காட்டுது," என்றான்.

"சேர்ந்திருக்கும் சார். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே. பேசுனாலும் காது சரியா கேக்காது. போன் மணி மட்டும்தான் கேக்கும். மூணு ரிங் அடிச்சு கட் பண்ணா, சென்டர்ல கூப்புடறாங்கன்னு கிளம்பிடுவாங்க. பட்டியல்ல குறிப்புக் கட்டத்துல ஆளாளுக்கு எத்தனை ரிங்குன்னு போடுவேன், இவங்களுக்கு மூணுன்னு போட்டிருந்தேனே?"

போட்டிருந்தாள். ஞானசேகரனுக்கு நன்றாக நினைவிருந்தது. யார் யார் பெயருக்கோ நேரே 2, 3, 5 என்று ஒட்டாமல் நின்ற எண்களைக் குப்பையென்று துடைத்துத் தள்ள, அவனே நிரலில் ஒரு படி எழுதியிருந்தான். களையென்று நினைத்துப் பயிரைப் பிடுங்கியிருக்கிறான் மனுஷன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டோரீன் மேசைப் போனை எடுத்து நம்பரைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வைத்துவிட்டாள். எந்தக் கம்பெனியிலும், எந்தப் படிப்பிலும் இப்படி ஒரு ஆளைத் தான் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. ஒவ்வொருவருக்கும் எது எட்டுமோ அதைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு எண்ணில் அடக்கி வைத்திருக்கிறாள்.

"மத்தவங்களுக்கு எத்தனை ரிங்குன்னும் சொல்லு டோரீன். மெசேஜோட ரிங்கும் போற மாதிரி பண்ணிடறேன்."

"மைக்கேல்ராஜுக்கு ரெண்டு," என்று ஆரம்பித்தாள். அவன் எண்களைத் துடைக்கும் அந்தப் படியை நிரலிலிருந்து அழித்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினான். எல்லம்மாவின் பெயருக்கு நேரே மறுபடி 3 வந்து நின்றது. இருவரும் அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளிருந்து வீங்கிய கால் ஒன்று மெல்ல வெளியே வந்து தரையைத் தேடியது.