தானாக மாறும் பெட்டி

லிப்ட் மெக்கானிக்குக்கு அன்று பன்னிரண்டு மணிக்குள் ஒரு தீவு கிடைத்தாக வேண்டும். வாங்குவதற்கில்லை, பேசுவதற்கு. ஆளே இல்லாத அந்தப் பாறைத்துண்டுக்கு அவரைப்போலவே நாலு ரேடியோப் பைத்தியங்கள் படகேறிப் போய், மூன்று நாளாக உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பகலோடு மூட்டை கட்டுகிறார்கள். அடுத்தமுறை எவனாவது அங்கே போவதற்குள் மெக்கானிக்குக்குப் பல் இருக்காது.

தீவுக்காரர்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். இருபது மீட்டர் அலைவரிசையில், அதாவது பேண்டில், பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று பதினைந்துக்குத் தாவுவார்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் மொட்டைமாடியில் தனித்தனி ஆன்டெனா. கேபிள்களெல்லாம் படுக்கையறை ஜன்னல் வழியாக வந்து, கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு குமிழில், கேபிளுக்கொரு கண்ணாகச் சேரும். குமிழ் எந்தக் கண்ணில் நிற்கிறதோ அந்த ஆன்டெனாதான் ரேடியோவுக்குப் போகும். ரேடியோ இருப்பதோ கூடத்தில். ஆகவே இருபது வருஷமாக அவர் அங்கிருந்து "பதினஞ்சு!" என்று கத்துவார், இங்கே அவர் மனைவி 'டக்' என்று திருப்புவாள். அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியிலும் கூப்பிட்ட குரலுக்கு ஓட்டம், வீட்டிலும் அதே.

"என் முட்டி தேயறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அவள் சொன்னபிறகு, இரண்டு மாதம் கண்ணெரிய உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தார். ரேடியோவில் பேண்டை மாற்றினால் போதும், பெட்டிக்குள் ரிலே சுவிட்ச் தட்டி, உரிய ஆன்டெனாவைத் தானே இணைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே பெட்டியை மாட்டி, கேபிள்களையெல்லாம் அதற்கு மாற்றினார். அங்கிருந்து கூடத்துக்குப் புதுக் கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்கவேண்டும். பத்து மாடி லிப்டைத் தூக்கி நிறுத்துகிறவருக்குச் சொந்தச் சுவரென்றால் சோம்பல். பழைய குமிழின் கடைசிக் கண்ணில் பெட்டியைச் சொருகி, குமிழை அங்கேயே நிறுத்திவிட்டார். மற்ற கண்களெல்லாம் எதுவும் சொருகாத வெறும் ஓட்டை.

"இனிமே இதைத் தொடாதே, தாயே."

"தொட்டா கையை வெட்டுங்க."

நேற்று, அவள் வேலைக்குப் போயிருந்தபோது, பெட்டி சொன்னபடி கேட்டது. இன்று காலை ஒன்பது மணிக்கு, தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து அவள் அடியற்ற மரமாய்ச் சாய்ந்தாள். பத்து மணிக்கு, பழக்கதோஷத்தில் "பதினஞ்சு!" என்றபடியே அவர் பேண்டை மாற்றியதும், பெட்டி படுத்துவிட்டது. எந்தப் பேண்டுக்குப் போனாலும் ரேடியோவில் வெறும் இரைச்சல்.

மனைவி எழுந்துவிடக்கூடாதென்று படுக்கையறைப் பக்கமே போகாமல், வெளியே ஏணி போட்டு ஏறினார். பெட்டியைத் திறந்தார், மூடினார், இறங்கினார், ஏறினார். ரிலே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. முதுகு விட்டுப்போயிற்று. மூன்றாவது முறை ஏணியில் நின்று பெட்டியிடமே கெஞ்சினார்.

"உனக்கு என்னதாம்மா வேணும்? பார், இப்ப பதினஞ்சு."

ஜன்னலுக்கு உள்ளே, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. கண் திறக்காமலே சுவரைத் தடவிக் குமிழைப் பிடித்து, 'டக்'.

மெக்கானிக் ஏணியிலிருந்து விழாதது அவர் செய்த புண்ணியம்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. இறங்கி ஓடி, கதவருகே செருப்பைக் கழற்றி, பூனைபோல் உள்ளே வந்தார். அவள் விரல்கள் குமிழிலேயே கொக்கி போட்டிருந்தன. ஒரு விரலைப் பிரித்தார். அடுத்ததைத் தொட்டதும், "எத்தனை?" என்றாள், தூக்கத்திலேயே.

"ஒண்ணுமில்ல. தூங்கு."

அப்படியே கல்லாய் நின்றார். அவள் மூச்சு மறுபடி சீராகும்வரை காத்திருந்து மூன்றாவது விரல், அப்புறம் நான்காவது. குமிழைக் கடைசிக் கண்ணுக்குத் தள்ளி அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, ரேடியோவில் தீவுக்காரன் கண்ணாடிபோலத் தெளிவாக எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவன் இல்லை.

மாலை நாலு மணிக்கு அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தீவு கிடைச்சுதா?"

"இல்ல."

"ஏன், பெட்டி மக்கர் பண்ணிடுச்சா?"

"பெட்டி தங்கம். தீவைக் கூப்பிடற கூட்டம் ஜாஸ்தி."

நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்க. பெட்டி ஓடலேன்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? எழுந்து திருப்பியிருப்பேன்ல?"

"திருப்புவே, தெரியும்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் சுவரைத் துளைக்கும் மெஷினைத் தேடி எடுத்தார்.