முப்பதுக்கு இருபத்தாறு

சாயங்காலம் டீ டம்ளர்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாஸ்டர் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். எதிரே மனைவி. நடுவில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஜன்னல் வழியே தெருமுனையில் பஸ்கள் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு மனம் நிறைவது அந்த ஒரு வேடிக்கையில்தான். மாஸ்டர் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டு வந்தார்.

"இங்க கவனி. அஞ்சு வார்த்தை. குடை, ஆப்பிள், கம்பளி, ரயில், மணி. திருப்பிச் சொல்லு."

"குடை..." என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே விடை எழுதியிருக்குமோ என்று தேடுகிற பார்வை அது. மாஸ்டர் மேஜையைத் தட்டினார்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். லைசென்ஸ் சோதனையைக் கரைத்துக் குடித்தவர். எந்த ஆபீசர் எந்தக் கிழமை எந்த போர்டைக் காட்டிக் கேள்வி கேட்பார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவன்கூட அவரிடம் பத்து நாள் போனால் லைசென்ஸோடு வருவான். சோதனை என்று ஒன்று இருந்தால் அதைப் பாஸ் பண்ண வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒரு விஷயமும் அவர் தலையில் ஏறியதில்லை.

மனைவி ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள். முந்நூறு நம்பர் மனப்பாடம். யார் குரலையும் 'ஹலோ'விலேயே கண்டுபிடித்துவிடுவாள். மூன்று வருஷமாக அவளுக்கு மறதி நோய். முதலில் நம்பர்கள் போயின, பிறகு பெயர்கள், பிறகு எந்த அறையில் இருக்கிறோம் என்பது. மாஸ்டருக்கு இருந்த பயம் ஒன்றுதான். அந்த வரிசையில் அவள் தன்னை மறக்கிற முறை எப்போது வருமோ என்று.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிற செய்தி கிடைத்தது. அகச்சிவப்பு ஒளியைத் தொப்பி வழியாகத் தலைக்குள் செலுத்தினால் மறதி நோய் குறையுமா என்று பார்க்கிறார்கள். வாரம் மூன்று நாள், இருபது நிமிஷம். டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொன்னாள். இது பலிக்குமா என்று தனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடு. தொப்பிகளில் பாதியில் ஒளி இருக்கும், பாதியில் இருக்காது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் எது எதென்று நோயாளிக்கும் தெரியாது, மாட்டிவிடுகிற நர்ஸுக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை முப்பது மார்க்குக்குக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட மாஸ்டர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

போதாக்குறைக்கு, மார்க் ஏறாதவர்களைப் பாதியிலேயே அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருக்கும் கூடத்தில் யாரோ கொளுத்திப்போட்டார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெளிந்திருக்கும். மாஸ்டர் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற அறையின் கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மூன்று மாதத்தில் வித்தை பிடிபட்டுவிட்டது. மொத்தம் மூன்று கேள்வித்தாள்தான், மாற்றி மாற்றி வருகின்றன. மூன்றையும் விடையோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கிடைத்ததைத் தான் மட்டும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். நோட்டைப் பிரதி எடுத்து, கூடத்தில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அப்பாவைக் கூட்டிவரும் பாங்க்காரர், மாமியாரைக் கூட்டிவரும் தையல்காரப் பெண் என்று ஒன்பது குடும்பம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மார்க் ஏறியது. பதினான்கு பதினெட்டாயிற்று, பதினெட்டு இருபத்திரண்டாயிற்று. வீட்டில் மட்டும் எதுவும் ஏறவில்லை. சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அழுதாள். ஒரு சாயங்காலம் ஐந்து வார்த்தையையும் தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டு, "சார், நான் பாஸா?" என்று கேட்டாள்.

நாற்பது வருஷமாக 'என்னங்க' என்று கூப்பிட்ட வாய். ஆனாலும் மாஸ்டர் நோட்டை மூடவில்லை. பாஸ் என்றார், டிக் போட்டார்.

ஆறாவது மாதம் முப்பதுக்கு இருபத்தாறு வந்தது. நர்ஸ் கைகுலுக்கினாள். இங்கேதான் மாஸ்டர் யானை மாதிரி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். தான் சொல்லிக்கொடுத்த விடைக்கு வந்த மார்க்கைத் தானே நம்பினார். ஒளி வேலை செய்கிறது, ஐயமே இல்லை என்று முடிவு கட்டினார். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு டிக்கெட் போட்டிருந்த மகளிடம், "அம்மா தேறிட்டா, லீவை வீணாக்காதே" என்று போனில் சொன்னார். அவளும் நிம்மதியாக டிக்கெட்டை ரத்து செய்தாள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மூக்குக்கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கதவைப் பூட்டாமல் கிளம்பினார். இருபத்தாறு மார்க் வாங்கியவளை உள்ளே வைத்து யாராவது கதவைப் பூட்டுவார்களா?

திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. தெருத் தெருவாக அலைந்துவிட்டு, போலீஸில் புகார் கொடுத்தார். நான்கு மணி நேரம் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எட்டு ஸ்டாப் தள்ளி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் தவறி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து ரோட்டோரம் கிடந்தவளிடம் போலீஸ்காரர் பெயர் கேட்டிருக்கிறார், வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார், வீட்டு போன் நம்பர் கேட்டிருக்கிறார்.

"எதைக் கேட்டாலும் ஒரே பதில் சார்," என்றார் போலீஸ்காரர். "குடை, ஆப்பிள், கம்பளி, ரயில், மணி. சொல்லிட்டு என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. வலியில துடிக்கிறாங்க, அப்பவும் அதையேதான் சொன்னாங்க."

முந்நூறு நம்பர் இருந்த இடத்தில் மாஸ்டர் பயிர்செய்த விளைச்சல் அது. கடைசியாக மிச்சமிருந்த கொஞ்சம் நினைவையும் அவர் அந்த ஐந்து வார்த்தைக்காகச் செலவழித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், நோட்டை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை. நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் படித்தாள்.

"உங்க வீட்டம்மா போட்ட தொப்பியில ஒளியே இல்ல சார்," என்றாள். "ஒளி இருந்த தொப்பி போட்டவங்களுக்கும் மார்க் ஏறியிருக்கு. அது ஒளியால ஏறிச்சா, உங்க நோட்டால ஏறிச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பலன் இல்லைன்னு தெரிஞ்சிருந்தாக்கூட நல்லதுதான், அடுத்தவங்க வேற வழியைத் தேடுவாங்க. இப்ப அதுவும் தெரியாது. எங்க ரெண்டு வருஷ ஆராய்ச்சி போச்சு. நாளையிலேருந்து நிறுத்தறோம்."

அவர் மன்னிப்புக் கேட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. நோட்டை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்தால், விஷயம் அதற்குள் பரவியிருந்தது. பாங்க்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். தையல்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாங்க்காரரின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஐந்து வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர், நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? எங்கப்பாவுக்கு இருபத்தி மூணு வந்திருந்துச்சு. டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லிக் கெடுத்துட்டீங்களே," என்றார் பாங்க்காரர்.

மாஸ்டர் அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷத்தில் தன்னிடம் லைசென்ஸ் வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் எங்கெங்கே யார்மேல் வண்டியை ஏற்றினார்களோ என்ற நினைப்பு, முதல்முறையாக, அவருக்கு அப்போதுதான் வந்தது.

"நல்லா போகலை தம்பி. நல்லா போறதா நாமளே எழுதிக்கிட்டோம்," என்றார். "தெரியலைங்கிறதும் ஒரு விடைதான். அந்த விடையை வச்சுத்தான் மருந்து கண்டுபிடிக்கணும். அதை நான் என் பொண்டாட்டி வாயிலேருந்து பிடுங்கிட்டேன். பரீட்சையில ஏமாத்துறவன் வாத்தியாரை ஏமாத்துறான். வைத்தியத்துல ஏமாத்துறவன் நோயாளியை ஏமாத்துறான், இன்னும் வராத நோயாளியையும் சேர்த்து ஏமாத்துறான். உங்கப்பாவை உங்கப்பாவா இருக்க விடுங்க. தேதி தெரியலைன்னா, தெரியாமலே உங்க பக்கத்துல உக்காந்திருக்கட்டும்."

பாங்க்காரர் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி, வாசலை நோக்கி நடந்தார். படி இறங்குவதற்கு முன், "இன்னைக்கு என்ன கிழமைப்பா?" என்று அவர் அப்பாவிடம் கேட்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.