நடுமேசை

படிகள் மொத்தம் இருபத்திரண்டு. பல்வலியோடு ஏறுகிறவர்களைக் கேட்டால் நாற்பது என்பார்கள். வழக்கோடு ஏறுகிறவர்களுக்கு எண்ணிக்கையே தெரியாது. எதிராளியைத் திட்டிக்கொண்டே ஏறுவதால் கால் போவது மனசுக்குத் தெரிவதில்லை. கடைவீதியின் நட்டநடுவில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் புகுந்து மேலே போனால் ஒரு கூடம் வரும். இடது பக்கக் கதவு பல் டாக்டருடையது. வலது பக்கக் கதவு வக்கீலுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடைவீதியில் அவளுக்கு நடுமேசை என்றே பெயர். "நடுமேசை இன்னும் வரலியே" என்று ஜெராக்ஸ்காரர் சொன்னால், மணி இன்னும் ஒன்பதரை ஆகவில்லை என்று அர்த்தம்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆள் என்கிற ஏற்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் டாக்டருக்கு நோயாளி இல்லை, வக்கீலுக்குக் கட்சிக்காரர் இல்லை. ஆளுக்கு ஒருத்தரை வைத்து ஈ ஓட்டச் சொல்வானேன் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள். வக்கீல் அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் மேசையைக் கொடுத்தார்.

வந்த முதல் வாரமே வினை வந்தது. கன்னத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலே வந்தார். முகமெல்லாம் வேதனை. இவள் ஒன்றும் கேட்காமல் இடது கதவுக்குள் அனுப்பிவிட்டாள். டாக்டரும் அவரை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். திறந்த வாயை வைத்துக்கொண்டு யார் என்ன பேச முடியும்? ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்து முடித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் அந்த மனிதர் விஷயத்தைச் சொன்னார். சுற்றுச்சுவர் தகராறில் பக்கத்து வீட்டுக்காரன் கன்னத்தில் அறைந்துவிட்டானாம்; கேஸ் போட வந்தாராம். நல்லவேளையாக அந்தப் பல்லில் நிஜமாகவே ஓட்டை இருந்தது. டாக்டரின் மானம் தப்பியது.

அன்றிலிருந்து, படியேறி வருகிறவரின் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தாலும் சரி, கக்கத்தில் பத்திரக்கட்டு இருந்தாலும் சரி, அவள் கேட்காமல் விட்டதில்லை.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

டாக்டர் என்றால் நோட்டில் சிவப்பு மை, வக்கீல் என்றால் நீலம். டாக்டரின் ஆட்கள் அவளை சிஸ்டர் என்பார்கள், வக்கீலின் ஆட்கள் மேடம் என்பார்கள். அவள் நர்ஸும் இல்லை, மேடமும் இல்லை, இரண்டுக்கும் தலையாட்டுவாள். சுவரோரம் கிடந்த நீள மர பெஞ்சு மட்டும் இரண்டு தரப்புக்கும் பொது.

அந்த பெஞ்சில் எத்தனையோ நடந்திருக்கிறது. ஒரு தடவை விவாகரத்துக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தர். நடுவில் ஒரு பல்வலிக்காரர் ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் அந்தப் பெண் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்தாள்.

"வெறும் வயித்துல குடுக்காத, எரியும்" என்றான் புருஷன்.

"எனக்குத் தெரியாதா? வியாக்கியானம் பண்ணாம போய் ரெண்டு பிஸ்கட் வாங்கிட்டு வாங்க."

பிஸ்கட் வந்தது. இருவருமாகப் பல்வலிக்காரரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு வலிப்பது மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். மீதி பிஸ்கட்டையும் தின்றார்கள். கடைசியில் வக்கீலைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்கள். "பல்லோட சேத்து என் கேஸையும் பிடுங்கிட்டீங்களே டாக்டர்" என்று வக்கீல் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அந்தக் கடைவீதியே கழன்றுகொண்டிருந்தது. முதலில் செருப்புக் கடை போயிற்று. பிறகு பாங்க் போயிற்று. எல்லோரும் ஊருக்கு வெளியே புதுச் சாலைப் பக்கம் போனார்கள். போன மாதம் டாக்டரும் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"புது ரோட்டுல இடம் பாத்துட்டேம்மா. லிஃப்ட் இருக்கு. வண்டி நிறுத்த இடம் இருக்கு. முட்டிவலிக்காரங்க இருபத்திரண்டு படி ஏறி வந்து வாயத் திறக்கணும்னா பாவமில்லையா, சொல்லுங்க?"

"நியாயந்தான் டாக்டர்" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரிதான் நின்றார். நீங்களும் வாங்கம்மா என்று ஒரு வார்த்தை வருமென்று அவள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

சரி, வக்கீல் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். இரண்டு நாள் கழித்து அவர் வந்து சொன்னது இதுதான். "எந்த அலமாரில எந்தக் கட்டு இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடும்மா. பின்னால எனக்குத் தேடத் தெரியாது."

பின்னால் என்றால் எதற்குப் பின்னால்? அந்த வாரமே இடது கதவுக்குள்ளிருந்து டாக்டர் போனில் பேசுவதும் காதில் விழுந்தது. "ஆமாமா, முன்னாடி உக்கார ஒரு ஆள் பாக்கணும். நல்ல பொறுமையான ஆளா சொல்லுங்க."

அன்று வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் நேர் ரோடாகப் பார்க்கிற மனுஷர்.

"வாயத் திறந்து கேட்டா கொறஞ்சா போயிடுவே? நான் எங்க போகணும்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுடு."

"வர்றவங்க போறவங்க எல்லாரையும் நான்தான் கேக்கறேன். என்னை அவங்க கேக்கட்டும்."

"இந்த வீம்புக்கு ஒண்ணும் கொறச்சலில்லை" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தார்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. டாக்டரின் சாமான்கள் வண்டியேறிவிட்டன. கூடத்தில் இருந்த பொதுச் சாமான்கள்தான் பாக்கி. வக்கீல் ஒரு தாளோடு வந்தார். தொழில் புத்தி, எதையும் எழுதிவிட வேண்டும் அவருக்கு.

"எழுதிக்கோம்மா. மின்விசிறி?"

"உங்களுக்கே இருக்கட்டும் சார்" என்றார் டாக்டர்.

"சரி, அப்ப கடிகாரம் உங்களுக்கு."

"நீங்க வாங்கினதாச்சே சார்."

"வாங்கினது நான். பேட்டரி மாத்தினதெல்லாம் நீங்க. எழுதும்மா, கடிகாரம் டாக்டருக்கு. பெஞ்சு?"

"நீங்களே வெச்சுக்கங்க சார்."

"சேச்சே, உங்களுக்குத்தான் கூட்டம். நீங்க எடுத்துட்டுப் போங்க."

"இல்ல சார், நீங்க வெச்சுக்கங்க."

பெஞ்சு நாலு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், கடைசியில் இருந்த இடத்திலேயே நின்றது. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். தண்ணீர் வடிகட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, குடை மாட்டும் கொக்கி என்று ஒன்றையும் விடவில்லை.

"மேசை?" என்றார் வக்கீல்.

"மேசை அம்மாவோடது. அவங்க எங்கயோ அங்க அது போகட்டும்" என்றார் டாக்டர்.

"அதுவும் சரிதான்" என்றார் வக்கீல். ஒரு கஷ்டமான கணக்கைத் தீர்த்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

அவள் மேசை என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனா அங்கேயே நின்றது. மெல்ல எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிவந்து பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று டாக்டர் பதறினார்.

மேசையில் டெலிபோன் அடித்தது. அதை எடுப்பது யாருடைய வேலை என்று புரியாமல் இரண்டு பெரிய மனிதர்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது அடித்து ஓய்ந்தது. வக்கீல் காலி நாற்காலியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சாட்சிகளின் முகத்தைப் படித்தவர். அவருக்கு இப்போது, ஒரு மாதம் தாமதமாக, ஏதோ பிடிபட்டது. மெதுவாகப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். ஒரு நாளும் அவளை நீ தவிர வேறு சொல்லாதவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி! ஒரு தடவைகூட அது அவள் பக்கம் திரும்பியதில்லை.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு நான் வேணும்னு தெரிஞ்சுக்க வந்தேன் சார்."

"என்னம்மா இது!" என்று டாக்டர் பெஞ்சருகே வந்தார். "நீங்க சார்கூடத்தான் இருப்பீங்கன்னு நெனச்சேன். அவர்தானே உங்களை வேலைக்கு எடுத்தது. அவர் ஆளை நான் இழுத்துட்டுப் போன மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான் வாயைத் திறக்கல."

"நல்ல கூத்து" என்றார் வக்கீல். "இங்க வாரத்துக்கு நாலு பேர் வந்தா பெரிசு. இவளாவது உங்ககூட நல்ல இடத்துக்கு வரட்டும்னுதானே நான் அலமாரிய எழுதி வாங்கினேன்."

"அப்ப என்கூட வாங்கம்மா!"

"ஆமா, கூட்டிட்டுப் போங்க டாக்டர்."

"ஆனா நீங்க தனியா என்ன சார் பண்ணுவீங்க? இல்ல, நீங்களே வெச்சுக்கங்க."

"அட, அதெல்லாம் வேண்டாம், நீங்க..."

"நான் என்ன பெஞ்சா?" என்று அவள் கத்தினாள்.

கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. இருபத்தாறு வருஷத்தில் மாடியிலிருந்து அப்படியொரு சத்தம் வந்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் மரியாதை, மரியாதை, மரியாதை! ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல. இருன்னு ஒரு வார்த்தை. இல்லன்னா வான்னு ஒரு வார்த்தை. அதுக்கா பஞ்சம் வந்துடுச்சு இந்த மாடியில?"

இருவரும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கதவுகளையும் பார்த்தாள். புது இடத்துக்குப் போனாலும் ஒரு கதவுதான். இங்கேயே இருந்தாலும் இனி ஒரு கதவுதான். எங்கே போனாலும் அந்தக் கேள்விக்கு வேலை இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. போய்விட்டது போய்விட்டதுதான் என்று நினைத்தபோது, கோபம் போன இடத்தில் வெறும் துக்கம் வந்து உட்கார்ந்தது.

ஆனால் ஒன்று தோன்றியது. "நான் இங்கயே இருக்கேன்" என்றாள். "டாக்டர், உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். கீழ போர்டு மாட்டினாலும் படிக்க மாட்டாங்க. இன்னும் ஒரு வருஷத்துக்கு வீங்கின கன்னத்தோட இந்தப் படியேறித்தான் வருவாங்க. அவங்களுக்கு வழி சொல்ல ஆள் வேணும்."

"வேணும்மா. கட்டாயம் வேணும்" என்றார் டாக்டர்.

"இரும்மா" என்றார் வக்கீல். நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நடுமேசை வந்துவிட்டாள். இடது கதவில் பெயர்ப்பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. முதலில் கக்கத்தில் காகிதக்கட்டோடு ஒருவர் வந்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வக்கீலைத்தான் மேடம். வேற யாரு இருக்கா இங்க?"

நீல மையில் எழுதிக்கொண்டாள். சிவப்புப் பேனா மூடியபடி கிடந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிடலாமா என்று யோசித்தாள். மணி பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. அப்போது படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுகிற கால். கைக்குட்டையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு ஒருவர் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள். "யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

"டாக்டரை, சிஸ்டர்."

ஒரு வீங்கின கன்னத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷி உலகத்தில் வேறு எவளும் இருந்திருக்க மாட்டாள். பாவம் அவர், உயிர் போகிற வலியில் இருக்கிறார். இவளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பெயரைச் சிவப்பில் எழுதிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். ஒரு தாளில் புது ரோட்டுக்கு வழி வரைந்து அவர் கையில் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், ஒருத்தர் வராரு. ரொம்ப வீங்கியிருக்கு."

"அனுப்புங்கம்மா, அனுப்புங்க" என்றார் டாக்டர். "இங்க காலையிலேருந்து ஒரு ஆள்கூட வரல."

"எப்படி வருவாங்க?" என்றாள் அவள். "இருங்க டாக்டர், படியில இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."