நப்ரா சொல்லாத நாற்பது வாக்கியங்கள்

எனக்குப் பாம்புக் காது என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அந்தத் திமிருக்குக் கிடைத்த செருப்படியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் பெயர் கோகிலவாணி. நூபிய மொழிகளில் ஒன்றான நோபீனில் முனைவர் பட்ட ஆய்வு. சிரிக்காதீர்கள். நைல் கரை மொழிக்கு நல்லம்பள்ளியில் என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். பேசுகிறவள் இங்கே இருக்கிறாளே, நான் என்ன செய்ய? நப்ரா சூடான் பெண். தருமபுரியில் பி.பார்ம் படித்துக்கொண்டு, தீர்த்தம்மாள் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தாள். பக்கத்து அறையை நான் பிடித்துக்கொண்டேன்.

அருமையான மொழி அது. நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசிவரை காட்டாது. குறிலும் நெடிலும் உண்டு. ஒரு மெய்யை அழுத்திச் சொன்னால் பொருளே மாறிவிடும். போதாததற்குக் குரலின் ஏற்ற இறக்கம் வேறு. எல்லா அத்தியாயமும் முடிந்து, எதிர்மறை வாக்கியங்கள் மட்டும் பாக்கி. அந்த அத்தியாயம் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் உதவித்தொகை நீட்டிப்பு கிடையாது என்று நெறியாளர் மாதவராஜ் சார் கறாராகச் சொல்லிவிட்டார். அது நின்றால், வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

நப்ரா கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். விளக்கு வைத்த வீட்டில் 'இல்லை' என்ற பேச்சே எழக்கூடாது என்பது அக்காவின் சட்டம். அரிசி தீர்ந்தால்கூட 'நெறஞ்சிருக்கு' என்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கூடத்திலேயே நான் உட்கார்ந்துகொண்டு, 'அப்பா வரவில்லை' என்பதை உன் மொழியில் சொல் என்று நப்ராவிடம் கேட்டேன். அக்கா கரண்டியோடு வந்துவிட்டார்.

மறுநாள் முதல் ஆங்கிலத்தில் கேட்டேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எப்படி என் சாமர்த்தியம்! அப்பா வரவில்லை, அம்மா பேசவில்லை, வீட்டில் தண்ணீர் இல்லை, அண்ணன் உயிரோடு இல்லை என்று நாற்பது வாக்கியங்கள். நப்ரா ஒவ்வொன்றையும் மூன்று முறை சொன்னாள். அக்கா பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

பதிவைப் போட்டுக் கேட்டதும் துள்ளிக் குதித்தேன். வினையோடு சேர்ந்து 'இல்லை' என்று காட்டுவதாகப் புத்தகங்கள் சொல்லும் எதிர்மறை ஒட்டு அவள் பேச்சில் எங்குமே காணோம். 'வந்தார்', 'வரவில்லை' இரண்டுக்கும் ஒரே சொல். பின்னதில் குரல் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. உலகத்துக்கே தெரியாத வட்டார வழக்கைக் கண்டுபிடித்துவிட்டேன்! பதினான்கு பக்கம் எழுதி, பதிவோடும் வரைபடங்களோடும் சாருக்கு அனுப்பிவைத்தேன்.

ஞாயிறு காலை சார் போன் செய்தார். திட்டவில்லை, சிரித்தார். அது இன்னும் மோசம். நாற்பதில் ஒன்றுகூட எதிர்மறை இல்லையாம். அப்பா வந்தார், அம்மா பேசினாள், வீட்டில் தண்ணீர் இருக்கிறது, அண்ணன் உயிரோடு இருக்கிறான். அவ்வளவுதானாம்.

கீழே இறங்கிப் போனேன். அக்காவும் நப்ராவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். சாமி வந்தவள்போல் கத்தினேன். நான் ஆங்கிலத்தில் கேட்டதையெல்லாம் நப்ரா முதல் நாளே வந்து சொல்லிவிட்டாளாம்; மாற்றிச் சொல்லச் சொன்னதே தான்தான் என்று அக்கா அசராமல் ஒப்புக்கொண்டார்.

"அஞ்சு வாரமா அவ அப்பன்கிட்டருந்து போன் வரல. ஊர்ல சண்ட. அந்தப் புள்ள வாயாலயே 'அப்பா வரல'ன்னு மூணு மூணு தடவ சொல்லச் சொல்றியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?"

போன் வராதது எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக அடுத்த அறையில் இருந்து அவள் குரலை அளந்தேன், மூச்சை அளந்தேன். இதைக் கேட்கவில்லை. நான் கட்டம் போட்டு வரைந்த அந்தக் குரல் இறக்கம் அவளுக்குத் தொண்டை அடைத்ததுதான். வெட்கமாக இருந்தது.

அத்தியாயம் போனால் போகட்டும் என்று நோட்டை மூடினேன். அக்கா விடவில்லை.

"வராம இருந்தா நல்லதுன்னு ஆயிரம் இருக்குது கண்ணு. அதச் சொல்லச் சொல்லு."

பதிவுக் கருவியை ஓடவிட்டேன். அக்கா எடுத்துக்கொடுக்க, நப்ரா தன் மொழியில் சொன்னாள். யானை ராகிக் காட்டுக்கு வரவில்லை. தேள் கொட்டவில்லை. பால் திரியவில்லை. நாத்தனார் ராத் தங்கவில்லை. இதற்கு நப்ரா சிரித்த சிரிப்பில் பதிவு கெட்டு, மறுபடி எடுத்தோம். எதிர்மறை ஒட்டு ஒவ்வொன்றிலும் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. என் பதினான்கு பக்கமும் குப்பைக்குத்தான்.

முப்பத்தொன்பது ஆயிற்று. இன்னும் ஒன்று வேண்டும் என்றேன். அக்கா யோசிப்பதற்குள் நப்ரா தானாகவே ஒன்று சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார்.

"எங்க வூட்டு மேல குண்டு விழலீங்க்கா."

அக்கா மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நப்ரா சொன்னாள். மூன்றாம் முறை, நாக்கு புரளாமல் திணறித் திணறி, அக்காவும் நானும் அவளோடு சேர்ந்து நோபீனிலேயே சொன்னோம்.